நெடுந்தூர ஓட்டம் தவமாகுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து பீட்டர்மரிட்ஸ்பர்க்குக்குக் காரில் போக ஒரு மணி நேரம் போதும். ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் இவ்விரு ஊர்களுக்கும் இடையே மேடும் பள்ளமுமான ஏறத்தாழ 88 கிலோமீட்டரை ஓடியே கடக்க முயல்கிறார்கள். முதல் உலகப் போரில் இறந்த தோழர்களின் நினைவாக, அப்போரில் பங்கேற்ற விக் கிளாப்ஹம் 1921-ல் தொடங்கிய காம்ரேட்ஸ் மாரத்தான் இது. ஓடுபவர்களில் மிகப் பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துப் பிழைப்பவர்கள். பரிசுப் பணத்துக்கு அவர்கள் ஆசைப்படவும் முடியாது. பலனுக்காக அல்லாமல் விரும்பி ஏற்கும் இந்த உடல் வருத்தத்தைத் தவம் என்று சொல்லும் வழக்கம் ஓட்டக்காரர்களிடையே உண்டு. அந்தச் சொல் இதற்குப் பொருந்துமா என்பது சமய மரபுகள் நெடுங்காலம் ஆராய்ந்த ஒரு கேள்வியின் புதிய வடிவம்: துன்பத்தைத் தாங்குவதாலேயே ஒரு செயல் மேன்மை அடைந்துவிடுமா?

விளையாட்டுக்கும் துறவுக்கும் சொல்லளவிலேயே பழைய உறவு உண்டு. கிரேக்க மொழியில் ‘அஸ்கேசிஸ்’ என்றால் பயிற்சி. பந்தய வீரனின் உடற்பயிற்சியையும் அது குறித்தது. துறவு வாழ்வைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்கள் பின்னர் அதிலிருந்தே பிறந்தன. கொரிந்து நகரக் கிறிஸ்தவர்களுக்கு எழுதிய முதல் கடிதத்தில் திருத்தூதர் பவுல், ஓட்டப் பந்தயக்காரரின் தன்னடக்கத்தை எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். பண்டைய கிரேக்கத்தின் இஸ்த்மிய விளையாட்டுகள் நடந்த இடம் கொரிந்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அங்கே வென்றவருக்குக் கிடைத்தது வாடிப்போகும் இலைமுடி. பவுல் ஒழுக்கத்தின் முறையை வீரனிடமிருந்து எடுத்துக்கொள்கிறார். அதன் குறிக்கோளை மட்டும் மாற்றிவிடுகிறார். நம் பக்கத்துச் சொற்களிலும் உடலின் வருத்தம் உண்டு: ‘தபஸ்’ என்ற வடசொல் வெப்பத்தைக் குறிப்பது. தமிழின் ‘நோன்பு’ பொறுத்தலைக் குறிக்கும் ‘நோன்றல்’ என்ற சொல்லோடு உறவுடையது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பந்தய நாளின் வலிதான் கண்ணில் படும். ஓடுபவரின் வாழ்க்கையோ பெரும்பாலும் பயிற்சியிலேயே கழிகிறது. விடியுமுன் எழுவது, வார இறுதியில் ‘லாங் ரன்’ எனப்படும் நீண்ட ஓட்டம், நேரத்துக்கு உறக்கம், உணவில் கட்டுப்பாடு என்று பல மாதங்கள் போகும். இப்பயிற்சியின் இயக்கம் எளியது. ஓட்டம் தசையைச் சோர்வடையச் செய்கிறது; ஓய்வில் உடல் அதைச் சரிசெய்து முன்னிலும் வலுப்பெறுகிறது. தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுவதும் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் கூடுவதும் இவ்வாறுதான். ஓய்வில்லாத பயிற்சி வலுவைக் கூட்டாது, காயத்தையே தரும். ஆகவே பயிற்சியின் பெரும்பகுதி, பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான வேகத்தில் நடக்கிறது. பந்தயம் நெருங்கும் வாரங்களில் ‘டேப்பரிங்’ என்ற பெயரில் தூரம் குறைக்கப்படுகிறது. உடலில் தெம்பு மிகுந்திருக்கும்போது ஓடாமல் இருப்பது பலருக்கும் ஓடுவதைவிடக் கடினம். அதிகமாகச் செய்யும் ஆசையை அடக்குவதே இங்கே முதல் நோன்பு.

பௌத்த மரபு இதே பாடத்தைக் காலடிகளின் வழியே சொல்கிறது. செல்வக் குடும்பத்தில் பிறந்த சோணர் என்ற பிக்கு, தியானத்துக்காக இடைவிடாமல் நடந்து பாதங்களிலிருந்து குருதி வழிய நின்றார். பலன் கிட்டாததால் துறவையே விட்டுவிட எண்ணினார். இல்லறத்தில் வீணை வாசித்தவர் அவர். நரம்பு மிக இறுகினாலும் மிகத் தளர்ந்தாலும் இசை எழாது என்பதைப் புத்தர் அவருக்கு நினைவூட்டினார். ஓட்டத்திலும் இந்த அளவு பொய்ப்பதில்லை. தண்ணீர் குடிப்பதே அதற்குச் சான்று. நீண்ட பந்தயங்களில் தேவைக்கு மேல் குடித்து, இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவு குறைந்துபோனவர்களைப் பற்றித் தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1985-ல் எழுதினர். தாகத்தை மீறிய எச்சரிக்கையும் உயிருக்கு ஆபத்தாகலாம்.

அளவுக்கு அடுத்தது நோக்கம். பகவத்கீதையின் 17-ஆம் அத்தியாயம் தவத்தை மூவகையாகப் பிரிக்கிறது. பலனில் பற்றின்றிச் சிரத்தையோடு செய்வது சாத்விகம். மதிப்பும் புகழும் வேண்டிப் பகட்டாகச் செய்வது ராஜசம், அது நிலைக்காது. மூடப் பிடிவாதத்தால் தன்னை வதைத்துக்கொள்வதும் பிறரை அழிக்கச் செய்வதும் தாமசம். இப்பகுப்பு செயலின் கடுமையை அளக்கவில்லை. ஒரே தெருவில், ஒரே வேகத்தில் ஓடும் மூவர் மூன்று வகைகளிலும் அடங்கக்கூடும். ஓடிய தூரத்தை உடனே ஊரறியப் பதிவிடுவதற்காகவே ஓடுபவர் இரண்டாம் வகை. எலும்பில் விரிசல் இருப்பது தெரிந்தும் வீம்புக்கு ஓடுபவர் மூன்றாம் வகை.

திருக்குறளின் ‘தவம்’ அதிகாரம் வேறோர் அளவுகோலைத் தருகிறது. தனக்கு வரும் துன்பத்தைப் பொறுத்தல், பிற உயிருக்குத் துன்பம் செய்யாமை என்ற இரண்டும் சேர்ந்ததே தவத்தின் வடிவம் என்கிறது முதற்குறள். ஓட்டக்காரர் முதற்பாதியை எளிதில் நிறைவேற்றிவிடுகிறார். இடறல் வருவது இரண்டாம் பாதியில்தான். வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவே வாரம் பத்து மணி நேரம் ஓடுபவர் அந்த நேரத்தை எங்கிருந்தோ எடுக்க வேண்டும். உறக்கத்திலிருந்து எடுத்தால் வருத்தம் அவருடையது. பிள்ளையைக் கவனிக்கும் பொறுப்பைத் துணையின் தலையில் ஏற்றிவிட்டு எடுத்தால், அவருடைய நோன்பை இன்னொருவர் நோற்கிறார்.

நெடுந்தூர நடையைச் சடங்காகவே கொண்ட மரபும் உண்டு. ஜப்பானின் ஹியெய் மலையில் தெண்டாய் பௌத்தத் துறவிகள் சிலர் மேற்கொள்ளும் ‘கைஹோக்யோ’ ஏழு ஆண்டுகளில் ஆயிரம் நாள் நடப்பது. தொடக்க ஆண்டுகளில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இறுதி ஆண்டின் ஒரு பகுதியில் 84 கிலோமீட்டர். வழி நெடுக நூற்றுக்கணக்கான இடங்களில் நின்று வணங்க வேண்டும். நடை வழிபாட்டுக்கு ஊர்தி மட்டுமே. நேரத்தையும் இடத்தையும் ஒப்பிட்டு அறிவிக்கும் பட்டியல் அதில் கிடையாது.

போட்டிக்கோ கடிகாரமே அடிப்படை. தத்துவ அறிஞர் பெர்னார்ட் சூட்ஸ் 1978-ல் வெளியிட்ட ‘தி கிராஸ்ஹாப்பர்’ என்ற நூலில், தேவையற்ற தடைகளை விரும்பி ஏற்று வெல்ல முயல்வதே விளையாட்டு என்று வரையறுத்தார். கார் இருக்க ஓடுவது அத்தகைய தடை. அப்படியானால் நெடுந்தூர ஓட்டம் தன்னளவில் விளையாட்டு. அளவு, நோக்கம், பிறர்க்கு இன்னா செய்யாமை ஆகிய மூன்றும் கூடும்போது அது தவத்தின் தன்மையைப் பெறலாம். வலி மிகுவதால் மட்டும் பெறுவதில்லை.

காம்ரேட்ஸ் பந்தயத்தின் கடைசிக் கணம் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும். பன்னிரண்டு மணி நேரம் முடியும்போது, அலுவலர் ஒருவர் ஓடிவருவோருக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியால் சுடுகிறார். முடிவுக் கோடு உடனே மூடப்படும். ஓரடி தொலைவில் நிற்பவருக்கும் பதக்கம் இல்லை. அவர் பெயர் முடித்தவர் பட்டியலில் ஏறாது. விளையாட்டின் கணக்கு அங்கே முடிந்துவிடுகிறது. அவர் மாதக்கணக்கில் காத்த கட்டுப்பாடு தவமா, வீம்பா என்பதற்கு அந்தக் கணக்கில் விடை இல்லை. அது பயிற்சி நடந்த விதத்தில் முன்னரே முடிவாகியிருக்கும்.