விற்பவர் அறியாததை வாங்குபவர் சொல்ல வேண்டுமா?

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு, உத்தமபாளையத்துப் பள்ளிவாசல் ஒன்றில் ஹவுள் கரையோரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு வாலிபர் ஸலாம் சொல்லி அருகில் வந்து அமர்ந்தார். குவைத்தில் ஏழாண்டு பாடுபட்டுத் திரும்பியவர். சேர்த்த பணத்தை வட்டிக்கு விட அவருக்கு மனமில்லை. சும்மா முடக்கி வைக்கவும் மனமில்லை. நிலம் வாங்கி விற்கும் தொழிலில் இறங்க எண்ணம் கொண்டிருந்தார்.

"மாமு, ஒரு மஸ்அலா கேக்கணும். காசு விசயந்தான். ஆனா நாலு நாளா ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது" என்றார்.

வியாபாரத்தில் தூக்கம் கெட்டவர்கள் நம்மிடையே ஏராளம். ஆனால் இவர் நஷ்டத்தினால் தூக்கம் கெட்டவரல்லர்; லாபம் வரப்போகிறதே என்று தூக்கம் கெட்டவர். ஆகவே நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டேன்.

ஆறு மாதமாக அவர் கூடலூரிலிருந்து தேனி வரை அலைந்திருக்கிறார். 1895-ல் பெரியாறு அணை கட்டி முடிந்து, மலையைக் குடைந்து தண்ணீரைக் கிழக்கே திருப்பிய நாள் முதல், நம் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு நிலத்தின் விலையைச் சொல்வது தண்ணீர்தான். இரு போக நஞ்சைக்கு ஒரு விலை. வானம் பார்த்த புஞ்சைக்கு ஒரு விலை. இப்போது தண்ணீருக்குப் போட்டியாகப் பாதை வந்திருக்கிறது. 2010-ஆம் ஆண்டோடு நின்றுபோன மதுரை–போடி ரயில், அகலப்பாதையாகி 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூன் மாதம் போடிக்கும் வந்து சேர்ந்தது. "தண்ணி எங்கே?" என்று கேட்ட தரகர்கள் "ரோடு எங்கே?" என்று கேட்கலானார்கள்.

வாலிபர் கெட்டிக்காரர். தாய்ப்பத்திரம், முப்பதாண்டு வில்லங்கம், பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கற்றிருக்கிறார். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாதென்று 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்ததையும், பிறகு வரன்முறைச் சட்டவிதிகள் வந்ததையும் அறிந்து வைத்திருக்கிறார். பஞ்சமி நிலமா, வக்ஃபு நிலமா, அரசு ஒப்படை செய்த நிலமா என்று விசாரிக்கவும் தவறுவதில்லை.

"பெண் மக்கள் பாகத்தைப் பார்ப்பீரா?" என்று கேட்டேன். சற்றே விழித்தார். 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. சென்னை மாகாணத்தில் 1949-ல் திருத்தம் கொண்டுவந்து அந்த விலக்கையும் நீக்கிவிட்டார்கள். அதற்குப் பின்னும் நம் வீட்டுப் பெண்களுக்குச் சீர் செய்தோம், நகை போட்டோம் என்று கணக்குச் சொல்லி, அல்லாஹ் விதித்த பாகத்தை அண்ணன் தம்பிகள் அமுக்கிக் கொள்வதைக் காண்கிறோம். அப்படிப்பட்ட நிலத்தை வாங்குகிறவர் பிறர் ஹக்கை விலைகொடுத்து வாங்குகிறார். இதை அவரிடம் சொன்னேன், மனதில் குறித்துக் கொண்டார். ஆனால் அவரை வாட்டியது இதுவல்ல.

விஷயம் இது. தேனிக்கும் போடிக்கும் நடுவே ஒரு கிராமத்தில் ஒன்றேகால் ஏக்கர் புஞ்சை. உடையவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு இந்துப் பெரியவர். நிலம் நல்ல மண்தான். ஆனால் வண்டிப்பாதை கிடையாது. அடுத்தவர் வரப்பில் நடந்துதான் போகவேண்டும். ஆதலால் பாதையுள்ள நிலத்தின் விலையில் பாதிக்கும் குறைவாகச் சொல்கிறார். வாலிபரின் பள்ளித் தோழர் ஒருவர், மனை பிரித்து விற்கும் ஒரு முதலாளியிடம் வரைபடம் போடுகிறார். பெரியவரின் நிலத்தை ஒட்டிய காட்டை அந்த முதலாளி பேசி முடித்துவிட்டார் என்றும், அதில் போடப்போகும் முப்பதடிச் சாலை பெரியவரின் வேலியைத் தொட்டுக்கொண்டு ஓடும் என்றும் அந்தத் தோழர் இரகசியமாகச் சொல்லியிருக்கிறார். அங்கீகாரம் பெறும் மனைப்பிரிவில் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தவுடன் அது பொதுச்சாலை. பெரியவரின் நிலத்துக்கு ஒரே நாளில் பாதை வந்துவிடும், விலை இரட்டிக்கும்.

"இதை நான் அவர்கிட்ட சொல்லணுமா மாமு? சொல்லாம வாங்குனா ஹராமா?"

வாசக நேயர்களே! பலரும் உடனே, "இதில் என்ன ஹராம்? அவர் விலை சொன்னார், இவர் கொடுத்தார். இருவரும் பொருந்திக் கொண்டார்கள்" என்பார்கள். இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. வியாபாரியின் சாமர்த்தியத்தை மார்க்கம் வெறுக்கவில்லை. உர்வத்துல் பாரிக்கீ (ரலி) அவர்களிடம் ஓர் ஆடு வாங்கிவரச் சொல்லி ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் ஒரு தீனார் கொடுத்தார்கள். அவரோ அந்தத் தீனாருக்கு இரண்டு ஆடு வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்து சேர்த்தார். நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்து கொள்ளவில்லை. அவருடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாக துஆச் செய்தார்கள். புகாரி ஷரீபில் இது வருகிறது. மலிவாக வாங்கி விலைக்கு விற்பதே பாவமென்றால் கடைவீதியில் ஒருவரும் கடை திறக்க முடியாது.

ஆயினும் அதே நாயகம் (ஸல்) அவர்கள், சரக்கேற்றி வரும் கூட்டத்தாரை ஊருக்கு வெளியே போய் எதிர்கொண்டு வாங்குவதைத் தடுத்தார்கள். அவர்களுக்குச் சந்தை விலை தெரியாது. வழியில் மறித்தவருக்குத் தெரியும். முஸ்லிம் ஷரீபின் அறிவிப்பில், அப்படி விற்றவர் சந்தைக்கு வந்து விலையறிந்த பின் வியாபாரத்தை முறிக்கும் உரிமை பெறுகிறார் என்றும் இருக்கிறது. ஷாபிஈ மத்ஹபில் இந்த உரிமையை ஏற்கிறார்கள். நம் பள்ளத்தாக்கு இராவுத்தர்கள் பின்பற்றும் ஹனபி மத்ஹபில் வியாபாரம் செல்லும். ஆனால் வந்தவரிடம் விலையை மறைத்திருந்தால் அது மக்ரூஹ். கவனியுங்கள், இங்கே எச்சரிக்கப்படுபவர் வாங்குபவர். சரக்கின் குறையை விற்பவர் மறைக்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். சரக்கின் நிறையை வாங்குபவர் மறைப்பது பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

ரயில் வந்த சேதியைப் பெரியவரிடம் சொல்ல வேண்டியதில்லை. அது ஊரறிந்தது; தேநீர்க் கடையில் உட்கார்ந்தால் காதில் விழும். அதுபோல, மண்ணைப் பார்த்து, கிணற்றைப் பார்த்து, இந்த இடம் பத்தாண்டில் முன்னேறும் என்று ஒருவர் தம் அறிவால் கணிப்பது அவருடைய உழைப்பு. ஆனால் ஒரு முதலாளியின் மேஜைக்குள் இருக்கும் வரைபடம் அப்படியன்று. பெரியவர் எந்தச் சந்தைக்குப் போனாலும் அந்த விலையைக் கேட்டறிய முடியாது. (தோழர் தம் முதலாளியின் இரகசியத்தை வெளியே சொன்னது அமானிதத்துக்கு மோசடியல்லவா என்பது தனி மஸ்அலா. அதையும் வாலிபர் தலையில் குட்டிச் சொன்னேன்.)

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார்கள். தாபிஈன்களில் ஒருவர் பஸராவில் இருந்தார். சூஸ் நகரிலிருந்து அவருடைய பணியாள், இவ்வாண்டு கரும்பில் நோய் விழுந்துவிட்டது, சர்க்கரையை வாங்கி வையுங்கள் என்று எழுதினார். அவரும் ஒரு வியாபாரியிடம் ஏராளமாக வாங்கினார். விலையேறியது. முப்பதினாயிரம் லாபம். அன்றிரவு வீட்டில் யோசித்தார். முப்பதினாயிரம் கிடைத்தது, ஒரு முஸ்லிமுக்கு நன்மை நாடுவதை இழந்தேனே என்று தோன்றிற்று. விடிந்ததும் விற்ற வியாபாரியிடம் போய்ப் பணத்தை வைத்து, உண்மையை மறைத்தேன் என்று சொன்னார். அவரோ மனமொப்பி உமக்கே ஹலாலாக்கினேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றிரவும் தூக்கமில்லை. வெட்கப்பட்டு அவர் விட்டுக் கொடுத்திருக்கலாமே என்று எண்ணி, மறுநாள் மீண்டும் போய்ப் பணத்தைக் கையில் ஒப்படைத்து விட்டுத்தான் திரும்பினார்.

ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் சம்பவமும் இதற்கு இணையானது. அவர்களுடைய ஆள் முந்நூறு திர்ஹத்துக்கு ஒரு குதிரையைப் பேசி முடித்து உடையவரை அழைத்து வந்தார். ஜரீர் (ரலி) அவர்களோ, உமது குதிரை அதைவிடப் பெறுமே, நானூறுக்குத் தருவீரா என்று தாமே நூறு நூறாக ஏற்றி எண்ணூறு கொடுத்தார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நாயகத்திடம் பைஅத் செய்திருக்கிறேன் என்பதே அவர்கள் கூறிய காரணம்.

"அவுங்க நம்மாளுக இல்லியே மாமு" என்று வாலிபர் மெதுவாகச் சொன்னார்.

எனக்குச் சிறிது கோபம் வந்தது. ஹிஜ்ரத் புறப்பட்ட இரவில், கொல்ல வந்த குறைஷிகளின் அமானிதப் பொருள்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றவர்கள் நம் நாயகம். அந்த ஹதீஸுக்கு விளக்கம் எழுதிய இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்களும், முஸ்லிம் என்று குறித்தது பெரும்பான்மையை வைத்துத்தான். யோசனை கேட்கும் மாற்று மதத்தவருக்கும் சரியானதையே சொல்லவேண்டும் என்கிறார்கள். ஒரே வாய்க்கால் தண்ணீரைப் பாய்ச்சும் ஊரில் அளவுகோல் இரண்டு வைத்துக்கொள்ள முடியுமா?

ஆனாலும் ஃபத்வா வேறு, தக்வா வேறு. ஒன்றும் பேசாமல் வாங்கினால் வியாபாரம் செல்லாது என்று சொல்ல நான் முப்தியல்லன். கஸ்ஸாலி (ரஹ்) காட்டும் உயரத்தை எல்லோர் மீதும் கட்டாயமாக ஏற்றவும் எனக்குத் துணிவில்லை. இதைச் சொல்லிக்கொண்டே வந்தவன், நடுவில் ஒன்று தோன்றிக் கேட்டேன்: "பெரியவர் உம்மிடம் ஏதாவது கேட்டாரா?"

வாலிபர் தலை குனிந்தார். "'பாதையில்லாத காட்டை எதுக்குத் தம்பி வாங்குறீக?'ன்னு கேட்டாரு. 'கோழிப்பண்ணை போடப் போறேன் அய்யா'ன்னு சொல்லிட்டேன்."

அவர் தூக்கம் எங்கே போயிற்று என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. மௌனம் கூடுமா கூடாதா என்று நாங்கள் அரைமணி நேரம் பேசினோம். அவரோ மௌனத்தைத் தாண்டிப் பொய்யில் கால் வைத்து நாலு நாளாகிவிட்டது. நான் சில காலம் ஒரு பத்திர எழுத்தரிடம் கணக்கெழுதியவன். அங்கே கண்டதும் இதுதான். விற்பவன் ஏமாளியாக இருந்தாலும் ஒரு கேள்வியாவது கேட்பான். ஏன் இந்த அவசரம், யாருக்காக வாங்குகிறீர், பக்கத்து நிலம் என்ன விலை போயிற்று என்று கேட்பான். அந்த இடத்தில் வாங்குபவர் உண்மையைச் சொல்ல வேண்டும். அல்லது கோழிப்பண்ணையைச் சொல்ல வேண்டும். "அதை நான் சொல்வதற்கில்லை" என்று நேர்மையாக மறுத்தவர் ஒருவரையும் நான் அந்தத் திண்ணையில் பார்த்ததில்லை. மௌனத்துக்கு இடமுண்டு என்று கிதாபுகளில் வழி தேடுகிறவர், அந்த மௌனத்தைக் கடைசிவரை தம்மால் காக்க முடியுமா என்று முதலில் பார்க்கட்டும்.

தரகர்கள் அவருக்கு வேறொரு வழியும் காட்டியிருந்தார்கள். கிரயமே செய்யாமல் ஆறு மாத அக்ரிமெண்ட் போட்டு, சாலை வந்தவுடன் வேறொருவருக்குக் கைமாற்றிவிடுவது. ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களிடம், உம்மிடம் இல்லாததை விற்காதீர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னது போதுமான பதில். கைக்கு வருமுன் நிலத்தை விற்கலாம் என இமாம் அபூஹனீபா (ரஹ்) அனுமதித்தது உண்மைதான். அது கிரயம் முடிந்து உடைமையான நிலத்துக்கு. வெறும் விற்பனை ஒப்பந்தத்தால் நிலத்தில் எந்த உரிமையும் பிறப்பதில்லை என்று நம் நாட்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவே சொல்கிறது.

மஃரிபு பாங்கு சொல்லும் வரை பேசிக்கொண்டிருந்தோம். மறுநாளே அவர் அந்தக் கிராமத்துக்குப் போனார். பெரியவரிடம் சாலை விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அவருக்குச் சாலையை விடக் கோழிப்பண்ணைதான் பெரிதாகப் பட்டிருக்கிறது. "பொய் சொல்லியா எங்காட்டை வாங்கப் பார்த்த?" என்று அச்சாரப் பணத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாராம். பிறகு திருப்பூரிலிருக்கும் மகனைக் கேட்டுச் சொல்வதாக ஆள் அனுப்பினார். இன்றுவரை சொல்லவில்லை. சாலைக்கு ஜல்லி கொட்டியாயிற்று.

போன ஜும்ஆவுக்குப் பின் வாலிபர் மீண்டும் வந்தார். சின்னமனூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு, நம்மவர்கள் உடையது. காகிதங்களை என் முன் விரித்தார். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் மூன்று ஆண் மக்களின் கையெழுத்து இருந்தது. அவர் விரலை அதன் கீழே வைத்துக்கொண்டு, "இவுங்களுக்குத் தங்கச்சி ஒண்ணு கம்பத்துல இருக்குன்னு தரகர் பேச்சுவாக்குல சொன்னாரு மாமு. அதோட கையெழுத்தைக் காணோமே?" என்றார்.