மறுக்கத் தெரிந்தவள்

உத்தம மனைவி, அன்புத் தாய், ஊருக்கு உழைத்தவள் என்ற மூன்று பட்டங்களோடு, காலமான ஒரு பெண்ணின் கதையை முடித்துவிடுகிறோம். அவளுக்கென்று ஒரு மனம் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

கஸ்தூரிபாவை எண்ணிப் பாருங்கள். 1898இல் டர்பன் வீட்டில், ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்த குமாஸ்தாவின் மலச்சட்டியைச் சிரித்த முகத்தோடு எடுக்கவேண்டும் என்றார் கணவர். அம்மையாரின் அருவருப்பு நியாயமென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனவரிடம், வெட்கமில்லையா என்று கேட்டாரே, அந்தக் குரல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நாணியவர் காந்திஜி.

1913இல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத மணங்கள் செல்லா என்று தென்னாப்பிரிக்க நீதிமன்றம் சொன்னபோது, அதே அம்மையார் விரும்பியே மூன்று மாதக் கடுங்காவல் ஏற்றார்.

மறுக்கத் தெரியாதவளின் பணிவு வெறும் பழக்கம். மறுக்கத் தெரிந்தவள் கொடுப்பதுதான் தியாகம்.