திருக்கார்த்திகை விளக்கீடு

சிவமயம்

சைவாசிரியர்களே,

கார்த்திகைத் திங்களிலே பூரணையும் கார்த்திகை நாளும் கூடுங் காலத்தையொட்டிச் சைவமக்கள் கொண்டாடுந் திருநாள் விளக்கீடு எனப்படும். அன்று மாலையிலே வாயிலின் இருமருங்கும் வாழைக்குற்றி நாட்டி, அதன்மேற் சிட்டி வைத்து, நெய்யேனும் எண்ணெயேனும் வார்த்துத் திரியிட்டு ஏற்றுவர். கிணற்றடி, மாட்டுத்தொழுவம், தோட்டம், வளவின் மூலை என எவ்விடத்தையும் இருளில் விடாது பந்தங் கொளுத்தி வைப்பர். முருகன் கோயில்களில் நிகழ்வதைக் குமாராலய தீபம் எனவும், சிவாலய முதலியவற்றில் நிகழ்வதைச் சர்வாலய தீபம் எனவும் பஞ்சாங்கங்கள் குறிக்கும். கோயில் முன்றிலிலே மரம் நாட்டிப் பனையோலை வேய்ந்து சொக்கப்பனை கொளுத்துவர். இவையெல்லாம் நம் மாணாக்கர் ஆண்டுதோறும் கண்ணாற் காண்பன. "இஃது எதன்பொருட்டு?" என்று அவர் வினவுவாராயின், "வழக்கம்" என்னும் ஒரு சொல்லால் அவர் வாயை அடைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. ஆதலின், இவ்விழாவின் பழைமையையும், இதற்குரிய புராணவரலாற்றையும், அதனால் ஆசிரியராகிய நாம் கொள்ளத்தக்க பொருளையும் இங்கே ஒருசிறிது ஆராய்வாம்.

இவ்விழா நேற்றுத் தோன்றியதன்று. சங்கநூல்களாகிய அகநானூற்றிலும் நற்றிணையிலும் கார்த்திகை விளக்கின் வரிசை பேசப்படுகின்றது. பதினெண்கீழ்க்கணக்கினுள் ஒன்றாகிய கார்நாற்பது, கார்காலத்து மலர்ந்த தோன்றிப் பூக்களைக் கார்த்திகை விளக்குக்கு ஒப்பிடுகின்றது. அறியாத பொருளை விளக்குதற்கு அறிந்த பொருளை உவமை கூறுதலே புலவர் வழக்கு. எனவே அக்காலத்துத் தமிழ்மக்கள் யாவரும் அறிந்ததொரு காட்சியாக இவ்விளக்கீடு இருந்தது என்பது தெளிவாம். கி. பி. 7ஆம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் திருமயிலையில் எலும்பாய்க் கிடந்த பூம்பாவையை அழைத்துப் பாடியருளிய திருப்பதிகத்திலே, அவள் காணாது போகலாகாத திருவிழாக்களுள் ஒன்றாகக் கார்த்திகை விளக்கீட்டையும் வைத்தருளினார். அதனை அவர் அன்றே பழைய திருநாள் எனக் குறித்தமையும் நோக்கற்பாலது.

இனி, இந்நாளுக்குரிய வரலாறுகள் ஒன்றல்ல, பல. சரவணப்பொய்கையிலே முருகக்கடவுளுக்குப் பாலூட்டிய கார்த்திகைப் பெண்கள் அறுவரும் வானத்து அறுமீனாய் விளங்கி, அவர் பெயரால் இந்நாள் சிறப்புற்றது என்பது ஒன்று. உமாதேவியார் திருவண்ணாமலையிலே தவஞ்செய்து இறைவனது இடப்பாகம் பெற்றார் என்பது மற்றொன்று. சொக்கப்பனை எரிதலைத் திரிபுரம் எரித்தமைக்கு அடையாளமாகக் கொள்வாரும், அடிமுடி அறியப்படாத சோதித்தூணுக்கு அடையாளமாகக் கொள்வாரும் உளர். முப்புரமாவது மும்மலமே எனத் திருமூலநாயனார் பொருள் காட்டியிருத்தலின், இவ்விரண்டும் தம்முள் முரணா. இவை எல்லாவற்றுள்ளும் தலைமை பெற்றது சோதித்தூணின் வரலாறே. சிவபெருமான் அவ்வாறு தோன்றியது மாசித்திங்கட் சிவராத்திரியில் என்பர். அச்சோதியைக் கார்த்திகைத் தீபமாக மலைமுடியிற் கண்டு வணங்குதல் திருவண்ணாமலை மரபு. அங்கே வைகறையிலே திருக்கோயிலினுள் பரணி தீபமும், அந்தியிலே 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் மகாதீபமும் ஏற்றப்படும். அம்மகாதீபம் 11 நாள் எரியும். ஐம்பூதத் தலங்களுள் அது தேயுத்தலமாம்.

சிவமகாபுராணத்து வித்தியேசுர சங்கிதையிலே அவ்வரலாறு கூறப்படுமாறு வருமாறு: பிரமாவும் விட்டுணுவும் தம்முள் யார் பெரியர் என மாறுபட்டுப் போர்செய்தனர். உலகம் நடுங்கிற்று. அப்பொழுது அவர் இருவர்க்கும் நடுவே அளவிறந்ததொரு தீத்தூண் தோன்றிற்று. விட்டுணு வராகமாகி நிலத்தை அகழ்ந்து அடியைத் தேடிச்சென்றார். பிரமா அன்னமாகிப் பறந்து முடியைத் தேடிச்சென்றார். விட்டுணு நெடிது தேடியும் காணாராய் இளைத்து மீண்டார். பிரமா செல்லும் வழியிலே, அத்தூணின் நடுவினின்று நெடுங்காலமாக வீழ்ந்துகொண்டிருந்த தாழம்பூவைக் கண்டார். "யான் முடியைக் கண்டேன் எனச் சான்று சொல்லுக" என அதனை வேண்டி உடன்கொண்டு வந்தார். வந்து, "கண்டேன்" என்றார். பூவும் "ஆம்" என்றது. விட்டுணு அதனை மெய்யென நம்பிப் பிரமாவை வணங்கினார். அந்நிலையிலே தூணினின்றும் சிவபெருமான் வெளிப்பட்டருளினார்.

இவ்வரலாற்றின் காட்சியை நம் சிவாலயங்களிலே கருப்பக்கிருகத்தின் பின்புறக் கோட்டத்தில் இலிங்கோற்பவர் திருவுருவமாகக் காணலாம். மேலே அன்னமும், கீழே வராகமும், இடையே அடியும் முடியும் தோன்றாத மூர்த்தியும் அங்கே அமைந்திருக்கும். மாணாக்கரை ஆலயத்திற்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் அவ்விடத்திலே சற்றே நிறுத்தி இதனைக் காட்டுதல் நன்று.

யாம் இளமையிலே கிறித்தவ மிசன் பாடசாலையிற் பயின்றோம். ஆங்கிலமும் கணிதமும் அங்கே செவ்வையாகக் கற்பிக்கப்பட்டன. அதற்கு என்றும் நன்றியுடையோம். ஆயினும் அங்கே ஓராசிரியர் இக்கதையை எடுத்துக்கூறி, "உங்கள் தேவர்கள் பொய் சொல்வார்களோ?" என நகைப்பதுண்டு. விடை சொல்ல வல்லார் அவ்வகுப்பிலே ஒருவரும் இலர். விளக்கேற்றக் கற்பித்தவர் பலர். அதன் பொருளைக் கற்பித்தவர் இலர். விடையில்லாத சிறுவன் முதலிலே தலைகுனிவான்; பின்பு தன் தாய் ஏற்றிய விளக்கையே குறித்து நாணுவான். அந்நாணம் வளர்ந்து எவ்விடத்திற் கொண்டுபோய் விடும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. தாமும் மிசன் பாடசாலையிற் கற்று, ஆங்கே கற்பித்தலுஞ் செய்த ஶ்ரீலஶ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தமை, சைவச் சிறார் தம் சமயத்தைப் பொருளோடு கற்றல்வேண்டும் என்னுங் கருத்தினாலன்றோ?

அந்த வினாவுக்கு விடை யாது? பிரமா பொய்யுரைத்ததைப் புராணம் மறைக்கவில்லை, தண்டிக்கின்றது. சைவசித்தாந்தத்தின்படி பிரமபதம் ஓர் அதிகாரம். அதனை வகிப்பது மலத்தொடக்குடைய ஓருயிர். பதி ஒருவரே. உயிர் எத்துணை உயர்ந்த பதவியில் இருப்பினும், மெய்ம்மையினின்று வழுவினால் ஆண்டவன் சந்நிதியில் அதற்கு விலக்கு இல்லை. இதுவே கதையின் கருத்து. இதனை அறிந்த சிறுவன் தலைகுனிய வேண்டுவதில்லை.

இன்னும் நுணுகி நோக்குக. முடியைக் காணாமை பிரமாவின் குற்றமோ? அன்று. அடியைக் காணாத விட்டுணு குற்றவாளியாகவில்லையே. பள்ளிக்கூட வழக்கிற் கூறின், இருவரும் பெற்ற புள்ளி ஒன்றே. இருவரையும் வேறுபடுத்தியது "காணேன்" என்னும் ஒரு சொல்லும், "கண்டேன்" என்னும் ஒரு சொல்லுமேயாம். அறியாமை தண்டனைக்கு உரியதன்று. அறியாததை அறிந்ததாகக் காட்டுதலே தண்டனைக்கு உரியது. உமாபதிசிவாசாரியர் திருவருட்பயனிலே இருளையும் ஆணவத்தையும் வேறுபடுத்திக் காட்டுவர். புறவிருள் பிற பொருள்களை மறைப்பினும் தன்னையாவது இருளென்று காட்டும். ஆணவமோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும். பிரமா தம்மிடத்துள்ள இருளைக் காணாமைக்கு ஏது இதுவே.

ஆசிரியர்களே, இக்கதை வேறெவர்க்கும் முன்பாக நமக்கே உரியது. பிரமா வேதம் வல்லவர். நாமும் கற்றோரென்று பெயர் படைத்திருக்கின்றோம். மாணாக்கன் ஒருவன் நாம் அறியாத ஒன்றை வினவும்போது, "நாளைக்குப் பார்த்துச் சொல்வேன்" என்பது வராகத்தின் வழி. வாய்க்கு வந்ததைச் சொல்லி அவனை அமர்த்துவது அன்னத்தின் வழி. தாழம்பூவையும் நினைமின். அது தானாக ஒரு பொய்யும் புனையவில்லை, பெரியவர் ஒருவர் வேண்ட, "ஆம்" என்றது, அவ்வளவே. அதுதானும் முடியினின்று வந்ததன்று; நடுவினின்று வீழ்ந்தது. தான் காணாததற்குத் தான் சான்றாயிற்று. வராத பிள்ளைக்கு வரவு இடாப்பிலே அடையாளமிடுதலும், நடையறியாத ஒருவனுக்கு அவன் சுற்றத்தாரின் முகத்துக்காக நற்சான்றுப் பத்திரம் எழுதிக் கொடுத்தலும், வயதைக் கூட்டியுங் குறைத்தும் உறுதிசெய்தலும் தாழம்பூவின் தொழிலன்றிப் பிறிதென்னை? தாழையினும் மணமுள்ள பூக்கள் சிலவே. மணமிருந்தும் அது சிவபூசைக்கு விலக்காயிற்று. கல்வி மணம், மெய்ம்மையே பூசைக்குரிய தகுதி.

இனித் தண்டனையின் இயல்பையும் பார்ப்பாம். வைரவக்கடவுள் பிரமாவின் ஐந்தாந் தலையை அரிந்தார். அப்பொழுது கண்ணீர் வார இறைவன் திருவடியில் வீழ்ந்து, இம்முதற் குற்றத்தைப் பொறுத்தருளுக என இரந்தவர் யார்? முன்பு யாரோடு பிரமா போர்செய்தாரோ, யாரைப் பொய்யால் வஞ்சித்தாரோ, அவ்விட்டுணுவே. சிவபெருமான் அவ்வேண்டுகோளுக்கு இரங்கினார். பிரமாவுக்கு ஆலயமும் விழாவும் இல்லையாக விதித்தவர், வேள்விகளிலே முதன்மையை அளித்தார். பூசைக்கு ஆகாத தாழம்பூவை மேற்கட்டி அலங்காரத்துக்கு ஏற்றுக்கொண்டார். குற்றத்தைக் குற்றமென்றே கூறித் தண்டித்து, தண்டித்தபின் அவர்க்கு ஓரிடங் கொடுத்தலும் இறைவன் செயலாயிற்று. பிரம்பை எடுக்கத் தெரிந்து, பின்பு பிள்ளையை அருகழைத்து ஒரு வேலை கொடுக்கத் தெரியாத ஆசிரியன் இவ்வரலாற்றிற் பாதியையே படித்தவன்.

விளக்கிடுந் தொண்டினால் வீடுபெற்ற அடியார் வரலாறுகளும் இந்நாளிற் சொல்லத்தக்கன. திருவாரூர் அரநெறியிலே நமிநந்தியடிகள் விளக்குக்கு நெய் வேண்டிச் சென்றபோது அயன்மதத்தார், "கையிலே நெருப்பை ஏந்திய உம் கடவுளுக்கு விளக்கு எதற்கு? நீரை முகந்து எரியும்" என்று இகழ்ந்தனர். அவர் இறைவன் ஆணைப்படி குளத்து நீரையே வார்த்து ஏற்ற, விளக்கு விடியுமளவும் எரிந்தது. "சோதியாகிய கடவுளுக்கு விளக்கு எதற்கு?" என்னும் வினா இன்றும் கேட்கப்படுவதே. விளக்கு இறைவனைக் காட்டுதற்கன்று. நம் கைக்கும் நெஞ்சுக்கும் ஒரு தொண்டு வேண்டும், அதற்கென்க. இருக்குவேளூரிலே செல்வராயிருந்த கணம்புல்லநாயனார், செல்வம் ஒழிந்தபின் தில்லையை அடைந்து, கணம்புல்லை அரிந்து விற்று நெய்கொண்டு விளக்கிட்டார். ஒருநாட் புல் விலைபோகவில்லை. புல்லையே எரித்தார். நியமித்த யாமம் வரை அது போதாமையால், தம் திருமுடியையே விளக்கில் மடுத்தார். அவரது குருபூசை கார்த்திகை மாதத்துக் கார்த்திகை நாளிலேயே அமைந்திருத்தல் பொருத்தமே. இச்சரிதத்தைச் சிறாருக்குச் சொல்லுங்கால், அச்செயலைப் பின்பற்றச் சொல்லற்க. இல்லை என்று கை விரியாத அவ்வன்பைக் காட்டுக. பிரமா காணாததைக் கண்டேன் என்றார். கணம்புல்லர் ஒன்றும் பேசாது உள்ளதைக் கொடுத்தார். இருவருள் எவர் இறைவனைக் கண்டவர்?

ஆதலின், வருகின்ற விளக்கீட்டுக்கு முந்திய பாடவேளையிலே இவ்விரு வரலாறுகளையும் மாணாக்கர்க்கு எடுத்துச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் ஒரு திரி திரித்து ஒரு சிட்டியேனும் ஏற்றும்படி செய்யுங்கள். எண்ணெய் வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளை எவன் என்பதைப் பிறர் அறியாமல் விசாரித்து, அவன் வாயிலிலும் ஒரு விளக்கு எரியச் செய்யுங்கள். அன்றிரவு உங்கள் வீட்டு விளக்கின் முன்பாக நின்று, அவ்வாண்டிலே எங்கே "காணேன்" என்று சொல்லவேண்டிய இடத்தில் "கண்டேன்" என்று சொல்லினோம் என ஒருமுறை நினையுங்கள். சுவாலையின் முன்பு பொய் நில்லாது. அடியும் முடியும் அறியப்படாத பெருமான், அறியேன் என்பார் உள்ளத்திலே எளிதில் எழுந்தருளுவார். அவர் திருவருள் உங்களுக்கும் உங்கள் மாணாக்கர்க்கும் உண்டாகுக.

திருச்சிற்றம்பலம்.