அந்தி இல்லாத நாட்டில் வழிபாட்டு நேரம்

கனடாவின் யூக்கான் பகுதியில், டாசன் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் பிரிந்து வடக்கு நோக்கிச் செல்லும் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை, 1979இல் திறக்கப்பட்டது. தொலைதூர மிதிவண்டிப் பயணிகளும், படுக்கையும் அடுப்பும் கொண்ட ஆர்.வி. எனும் வீட்டுவண்டியில் செல்வோரும் இன்று ஒருங்கே நாடும் சாலை இது. ஆண்டு முழுவதும் உருகாத உறைமண்ணின் மீது தடித்த சரளைப் படுகையாக எழுப்பப்பட்டு, 700 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு, ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்து இனுவிக் என்னும் ஊரை அது அடைகிறது. அங்கே மே இறுதி முதல் ஜூலை நடுப்பகுதி வரை, சுமார் 56 நாட்கள், கதிரவன் மறைவதில்லை. பயணிகளுக்கு வியப்பளிக்கும் இந்நிலை, வைகறையையும் அந்தியையும் கொண்டே வழிபாட்டு நேரத்தை வகுத்த சமயங்களின் முன் கடினமான ஒரு வினாவை வைக்கிறது: வானத்தில் தோன்றும் அடையாளத்தோடு பிணைக்கப்பட்ட கட்டளை, அவ்வடையாளம் தோன்றாத நிலத்திலும் செல்லுமா?

இவ்வினாவை நெடுங்காலத்துக்கு முன்பே எதிர்கொண்டவர்களும் பயணிகளே. 921இல் பாக்தாதிலிருந்து புறப்பட்டு, மறு ஆண்டு வோல்கா ஆற்றங்கரைப் பல்கார் நாட்டை அடைந்த தூதர் இப்னு ஃபத்லான், இரவுத் தொழுகைக்கான அழைப்பை எதிர்பார்த்திருந்தபோது விடியல் தொழுகைக்கான அழைப்பே ஒலித்ததைத் தம் பயணக் குறிப்பில் எழுதியுள்ளார். பிற்காலத்தில், சன்னி இஸ்லாமியச் சட்ட மரபுகள் நான்கனுள் ஒன்றான ஹனஃபி மரபின் அறிஞர்கள், அதே பல்கார் நாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு நெடிய வாதம் நிகழ்த்தினர். அந்தியொளி முற்றும் மறைந்தபின் தொழ வேண்டிய இஷா தொழுகை, அந்தியொளி மறையாமலே பொழுது விடியும் இடத்தில் கடமையாவதே இல்லை என்றார் அல்-பக்காலி. தொழுகைக்கு முன் உறுப்புகளைக் கழுவித் தூய்மை செய்யும் உளூவில், கையிழந்தவர்க்குக் கை கழுவும் கடமை இல்லாததை அவர் சான்றாகக் காட்டினார். 15ஆம் நூற்றாண்டினரான இப்னுல் ஹுமாம் இதனை மறுத்தார். கை என்பது கடமை நிறைவேறும் இடம், அந்தியொளியின் மறைவோ கடமையின் வேளையை அறிவிக்கும் அடையாளம் மட்டுமே, ஆகவே அடையாளம் இல்லை என்பதனால் கடமையும் இல்லை என்று ஆகிவிடாது என்பது அவர் வாதம். உலக முடிவுக்கு முன் வரும் பெரும்பொய்யனான தஜ்ஜால் தோன்றும் காலத்தில் ஒரு நாள் ஓராண்டளவு நீளும் என்று நபிகள் நாயகம் கூறியபோது, அந்நாளில் ஒரு நாளைய தொழுகை போதுமா என்று தோழர்கள் வினவ, போதாது, நேரத்தைக் கணித்துக்கொள்ள வேண்டும் என்று அவர் விடையளித்ததாக வரும் நபிமொழி இவ்வாதத்துக்கு அரணாயிற்று.

இப்னுல் ஹுமாமின் முடிவே ஏற்கத்தக்கது எனினும், பக்காலியின் கருத்தை எளிதில் தள்ளிவிடுதல் முறையன்று. நிலம் தராத ஒன்றைத் தந்ததாகப் பாவித்துக்கொள்ள அவர் உடன்படவில்லை. அந்த நேர்மை மதிக்கத்தக்கது.

யூத மரபில் இதே சிக்கல் பயணியின் சிக்கலாகவே நேரடியாகப் பேசப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் ரபி யாக்கோபு எம்டன், துருவப் பகுதியை அடைந்தவன் பாலைவனத்தில் நாட்கணக்கு மறந்தவனைப் போலத் தானே 24 மணி நேர நாட்களை எண்ணி ஏழாம் நாளை ஓய்வுநாளாகக் கொள்ள வேண்டும் என்றார். அவருக்குப் பின்வந்த இஸ்ரவேல் லிப்ஷிட்சோ, பயணி தான் புறப்பட்டு வந்த ஊரின் நேரத்தையே பின்பற்ற வேண்டும் என்றார். இரண்டாம் கருத்தின்படி, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து ஒரே இடத்தில் தங்கிய இருவர்க்கு ஓய்வுநாள் வெவ்வேறு வேளையில் தொடங்கும்.

டெம்ப்ஸ்டர் சாலையின் இருவகைப் பயணிகளும் இவ்விரு நிலைகளை அறியாமலே வாழ்ந்து காட்டுகின்றனர். வீட்டுவண்டியில் செல்பவர் சன்னல்களைத் தடித்த திரையிட்டு மறைத்து, கடிகாரத்தைப் பார்த்து உறங்கி, தம் ஊரின் இரவைத் தம்மோடு கொண்டு செல்கிறார். மிதிவண்டியில் செல்பவருக்கோ, இருட்டிவிட்டது, நிறுத்து என்று சொல்ல வானம் இல்லாததால், எங்கே நிறுத்துவது என்பதைத் தம் உடலின் களைப்பைக் கொண்டே முடிவு செய்ய நேர்கிறது. இவ்வாறு உடலைக் கேட்டு நடப்பது இயற்கையோடு நெருங்கியது போலத் தோன்றினும், உடல் நம்பத்தக்க அடையாளம் அன்று. பின்காற்று வீசும் நாளில் அது ஓய்வை மறக்கிறது, மழையில் சரளை சேறாகும் நாளில் பகல் பாதியிலேயே ஓய்வு கேட்கிறது. தன் அளவைத் தானே வகுத்துக்கொள்ளும் விடுதலை, அளவே இல்லாத நிலையாக மாறுவதற்கு அங்கே நெடுநேரம் ஆவதில்லை.

இனுவிக்கில் உள்ள பள்ளிவாசலின் நடைமுறை இவ்விரண்டிலும் முதிர்ந்த ஒரு தீர்வைக் காட்டுகிறது. 2010இல் மனிடோபாவில் கட்டப்பட்டு, லாரியிலும், பின் மெக்கன்சி ஆற்றில் சரக்குப் படகிலுமாக ஏறத்தாழ 4000 கிலோமீட்டர் கொண்டுவரப்பட்ட அப்பள்ளிவாசலைச் சார்ந்தோரிடையே, கதிரவன் மறையாத ரமலானில், தெற்கேயுள்ள எட்மன்டன் நகரின் நேரப்படி நோன்பு துறக்கும் வழக்கம் உண்டு. அது எவருடைய பிறந்த ஊரின் நேரமும் அன்று, தனியொருவரின் உடல் சொல்லும் நேரமும் அன்று. பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் ஒன்றாக அமர்ந்து உண்பதற்காக ஒப்புக்கொண்ட நேரம். கணித்துக்கொள்ளுதல் என்ற கட்டளை கூட்டாகப் பின்பற்றப்படும்போதே பொருள் நிறைவு பெறுகிறது என்பது இங்கு விளங்குகிறது. மேலும், இவ்வூரில் குளிர்காலத்தில் ஏறத்தாழ ஒரு மாதம் கதிரவன் எழுவதும் இல்லை. கோடையில் வந்து திரும்பும் பயணிக்குச் சில நாள் விந்தையாக முடிந்துவிடும் இவ்வினாவுக்கு, அங்கேயே குடியிருப்போர் டிசம்பரிலும் விடை காண வேண்டியிருப்பதால், கணித்த நேரம் அவர்களுக்குச் சலுகையாக அன்றி அன்றாட ஒழுக்கமாகவே அமைகிறது.