விலகும் உரிமையும் தங்கும் பொறுப்பும்: திறந்த மூல இயங்குதளங்களை முன்வைத்து ஒரு நோக்கு

ஓர் அமைப்பை விட்டு எவ்வேளையிலும் விலகிச்செல்லும் உரிமை ஒருவருக்கு உண்டெனில், அவ்வமைப்பின்பால் அவருக்கு ஏதேனும் கடப்பாடு எஞ்சுகின்றதா? அரசியல் மெய்யியலில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டுவரும் இவ்வினாவை, கணினியில் எந்த இயங்குதளத்தை வைத்துக்கொள்வது என்னும் அன்றாட விடயத்தோடு இணைத்து நோக்குவது சிலருக்கு மிகையாகத் தோன்றலாம். எனினும், அரசு பற்றிய விவாதங்களிற் கற்பனையாகவே நின்றுவிட்ட ஒரு நிலைமை இத்துறையில் மெய்யாகவே தோன்றியுள்ளமையால் இந்நோக்குப் பயனுடையதெனக் கருதுகின்றேன்.

குடிகளின் கடப்பாடு அவர்தம் சம்மதத்திலிருந்தே பிறக்கின்றது என்பது ஜோன் லொக்கின் கொள்கை. வாய்திறந்து சம்மதம் தெரிவிக்காதவரும், ஒரு நாட்டின் பெருந்தெருவில் நடமாடும் அளவிலேயே மறைமுகமாகச் சம்மதித்தவராகின்றார் என அவர் வாதிட்டார். டேவிட் ஹியூம், 1748இல் வெளிவந்த மூல ஒப்பந்தம் பற்றிய தமது கட்டுரையில் இவ்வாதத்தை எள்ளி நகையாடுகின்றார். பிறநாட்டு மொழியையோ பழக்கவழக்கங்களையோ அறியாது, அன்றாடக் கூலியிற் சீவிக்கும் ஏழைக் குடியானவன் தன் நாட்டிலே தங்கியிருப்பதைச் சம்மதம் எனக் கொள்வது எங்ஙனம்? உறக்கத்திற் கப்பலில் ஏற்றப்பட்ட ஒருவன், கடலிற் குதித்து மாள்வதன்றி வேறு வழியில்லாது அங்கே இருப்பதை, மாலுமியின் ஆட்சிக்கு அவன் அளித்த ஒப்புதல் எனக் கூறலாமா என்பது அவர் எழுப்பும் கேள்வி. விலகுவதன் விலை தாங்கொணாததாயின், தங்கியிருத்தலுக்கு ஒழுக்கப் பெறுமதி எதுவும் இல்லை என்பது இதனாற் பெறப்படும்.

கணினிப் பாவனையாளருட் பெரும்பாலோர் இவ்வாறு உறக்கத்தில் ஏற்றப்பட்டவர்களே. வாங்கிய பெட்டியினுள் விண்டோஸ் இருந்தது. அவர்கள் அதனைத் தெரிவுசெய்யவில்லை. 2025 ஒக்ரோபர் 14ஆந் திகதியுடன் விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ற் நிறுவனம் நிறுத்தியபோது, விண்டோஸ் 11 கோரும் வன்பொருள் இல்லாத, ஆயினும் நன்கு இயங்கிக்கொண்டிருந்த கணினிகளை உடையோர் பலர் தாம் கப்பலில் இருப்பதை அப்போதே உணர்ந்தனர்.

மறுபுறத்தில், 1983இல் ரிச்சட் ஸ்ரோல்மன் அறிவித்த குனூ திட்டமும், 1991இல் பின்லாந்து மாணவரான லினஸ் ரோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருவும் இணைந்ததன் பயனாக டெபியன் (1993), பெடோரா (2003), உபுண்டு (2004), லினக்ஸ் மின்ற் (2006) முதலாய வழங்கல்கள் தோன்றின. இவற்றுக்கு விலையில்லை; மூலநிரல் யாவருக்கும் திறந்தது. பென் டிரைவ் ஒன்றில் ஏற்றி, கணினியில் நிறுவாமலே இயக்கிப் பார்க்கலாம். ஒருவர் தமது கோப்புகளை வன்தட்டின் தனிப் பகுதியொன்றில் வைத்திருப்பின், அவற்றைத் தொடாது ஒரு வழங்கலை அகற்றி இன்னொன்றை அமர்த்தலாம். ஹியூமின் கப்பல் இங்கே துறைமுகத்தில் நிற்கின்றது, ஏணியும் இறக்கப்பட்டுள்ளது. மாற்றத்துக்கு விலையே இல்லை என்று சொல்வதற்கில்லை. டெபியன் குடும்பத்தில் ஒருவகைக் கட்டளையாற் பொதிகளை நிறுவிப் பழகிய கை, பெடோராவில் வேறொன்றைப் பழகவேண்டும். ஒன்றில் ஒழுங்காக இயங்கிய அச்சுப்பொறி மற்றொன்றில் வாளாவிருக்கும். பரீட்சைக்கு முந்திய வாரத்தில் இயங்குதளத்தை மாற்றத் துணிபவர்களை நினைத்து இரங்கத்தான் முடியும். எவ்வாறாயினும் இவ்விலை செலுத்தக்கூடிய விலையே.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழும். ஸ்ரோல்மன் வகுத்த சுதந்திரங்களுள் முதன்மையானவை நிரலைக் கற்பதற்கும் திருத்துவதற்குமான சுதந்திரங்கள். நிரலெழுதத் தெரியாத என் போன்ற கலைப்பீட மாணவருக்கு இவை வாசிக்கத் தெரியாதவனுக்குத் திறந்துவிடப்பட்ட நூலகத்தை ஒத்தனவல்லவா? சட்டத்தில் எழுதப்பட்ட சுதந்திரமும் வாழ்விற் கிட்டும் சுதந்திரமும் வேறென்பது மார்க்சியம் பயின்றோர் நன்கறிந்த விடயம். இம்மறுப்பு வலுவானது, ஆயினும் முற்றானதன்று. வாசிக்கத் தெரிந்த அயலவன் உரத்து வாசிக்க உரிமையுள்ள ஊரில், தெரியாதவனும் நூலின் பயனை ஓரளவு பெறுகின்றான். என்னால் திருத்த முடியாத நிரலை எவரேனும் திருத்தலாம். திருத்துவதை எவரும் தடுக்க இயலாது. ஆனால் அந்த எவரோ ஒருவர் திருத்துவதற்கு, திருத்தவேண்டியது யாதென்பது அவருக்குத் தெரியவேண்டும். எனவே நிரலறியாப் பாவனையாளரின் சுதந்திரம் பெரும்பாலும் அவரது வாயிலேயே தங்கியுள்ளது.

அந்த வாயைப் பயன்படுத்தாமலே நகர்ந்துவிடும் ஒரு பழக்கம் இவ்வுலகிற் பரவலாகக் காணப்படுகின்றது. மாதந்தோறும் வழங்கல் மாற்றுவோர் உளர். ஒன்றின் நிறம் சலித்துவிடுகின்றது. இன்னொன்றின் புதிய பதிப்பு அழைக்கின்றது. டென்மார்க்கின் மெய்யியலாளர் கீர்க்ககோர்ட் 1843இல் வெளியிட்ட 'இதுவோ அதுவோ' என்னும் நூலில், பயிர்ச் சுழற்சி பற்றிக் கூறும் சுவைஞன் ஒருவன் வருகின்றான். நாட்டுப்புறம் சலித்தால் நகரம், தன் நாடு சலித்தால் பிறநாடு என மண்ணை மாற்றிக்கொண்டே போவது இழிந்த முறையென்றும், உண்மையான சுழற்சி மண்ணை மாற்றாது பயிரிடும் முறையை மாற்றுவதென்றும் அவன் கூறுகின்றான். சுவைஞனை அந்நூல் முழுமையாக ஏற்பதில்லை. இருப்பினும் இவ்வவதானிப்புக் கூரியது. ஒரே வழங்கலில் ஈராண்டு தங்கியவர் அதன் பிழைகளை அறிவார். பத்து வழங்கல்களை ஈராண்டிற் கண்டவர் பத்து நிறுவற் சாளரங்களை அறிவார்.

விலகலின் சமூக விளைவை அல்பேர்ட் ஹேர்ஷ்மன் என்னும் பொருளியலறிஞர் 1970இல் எழுதிய நூலொன்று ஆராய்கின்றது. தரங்குன்றும் அமைப்பொன்றின் உறுப்பினருக்கு வெளியேறுதல், குரல் எழுப்புதல் என இரு வழிகள் உள எனக் கூறும் அவர், நைஜீரியப் புகையிரதச் சேவையில் தாம் கண்டதை அதன் தொடக்கமாகக் குறிப்பிடுகின்றார். லொறிப் போக்குவரத்து என்னும் மாற்று வழி இருந்தும், போட்டியினாற் புகையிரதம் திருந்தவில்லை. மாறாக, முறையிட்டிருக்கக்கூடிய வாடிக்கையாளரே முதலில் லொறிக்குச் சென்றுவிட்டமையால் முறையிடுவோர் இல்லாது போயிற்று. திறந்த மூல உலகில் இந்நிலை இன்னும் கூர்மையடைகின்றது. விற்பனை நிறுவனம் வருமானக் குறைவினாலாவது வெளியேற்றத்தை உணரும். விலையின்றி வழங்கப்படும் இயங்குதளத்தைக் கைவிட்டவரை எவரும் எண்ணுவதில்லை.

உபுண்டுவின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 2012 ஒக்ரோபரில் வெளிவந்த அதன் பதிப்பில், மேசைத்தளத் தேடற்பெட்டியிற் பாவனையாளர் இட்ட சொற்கள் அமேசன் விற்பனைப் பொருட்களைக் காட்டுவதற்காக நிறுவனத்தின் வழங்கிக்கு அனுப்பப்பட்டன. ஸ்ரோல்மன் அதனை வேவு மென்பொருள் எனப் பகிரங்கமாகக் கண்டித்து, எவரும் அதனைப் பரிந்துரைக்கலாகாது என்றார். 2016இன் பதிப்பில் இவ்வசதி இயல்புநிலையில் நிறுத்தப்பட்டிருந்தது. இம்மாற்றத்திற் கண்டனத்தின் பங்கு எவ்வளவு என்பதை அளவிடுவது கடினம். ஓசையின்றிப் போனவர்களின் பங்கு அதில் இருந்திருக்க முடியாது என்பது மட்டும் தெளிவு.

ஹேர்ஷ்மனின் இரு வழிகளுக்கும் இடையே திறந்த மூலம் மூன்றாவது வழியொன்றையும் தந்துள்ளது. நிரலைப் படியெடுத்துத் தனியே கிளைத்தல் என்பதே அது. 2011இல் க்னோம் மேசைத்தளம் தன் மூன்றாம் பதிப்பிற் பழைய அமைப்பை முற்றாக மாற்றியபோது, பழையதைத் தொடர விரும்பியோர் தென்னமெரிக்கப் பானமொன்றின் பெயரால் 'மாட்டே' என்ற கிளையை ஆரம்பித்தனர். லினக்ஸ் மின்ற் குழுவினர் புதிய நிரலிலிருந்தே 'சினமன்' என்பதை உருவாக்கினர். (நமது கறுவாவுக்குக் கிடைத்த எதிர்பாராக் கௌரவம்!) 2014இல் டெபியன் தனது தொடக்க முறைமையை மாற்றியதை ஏற்காதோர் 'டெவுவன்' என்னும் பெயரிற் பிரிந்து, 2017இலேயே தமது முதல் நிலையான பதிப்பை வெளியிட முடிந்தது. தொழினுட்பத்தில் எவர் பக்கம் நியாயம் என்பதை நான் அறியேன். உழைப்பு இரட்டிக்கின்றது, சிறு குழுக்கள் களைத்துப்போகின்றன என்னும் குற்றச்சாட்டிலும் உண்மை உண்டு. ஆயினும், இவர்கள் தம் அதிருப்தியின் செலவைத் தாமே ஏற்றார்கள். கைவிடப்பட்ட மூலமும் குறைவின்றி நின்றது. நாட்டை எவரும் இவ்வாறு படியெடுத்துக்கொண்டு பிரிய முடியாது. அரசுக்கும் இயங்குதளத்துக்கும் இடையே நான் கண்ட ஒப்புமை இவ்விடத்தில் முறிந்துவிடுகின்றது.

இலவசமாகப் பெற்றவருக்குக் கடப்பாடு எங்கிருந்து வரும் எனக் கேட்கலாம். சட்டத்திலிருந்து வராது. குனூ பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பு (2007), மென்பொருளைப் பெறவோ இயக்கவோ அவ்வுரிமத்தை ஏற்கவேண்டியதில்லை என்றே கூறுகின்றது. பகிரவும் மாற்றவும் முற்படும்போதே நிபந்தனைகள் பிறக்கின்றன. ஆக்கியோரும் எவ்வித உத்தரவாதமும் அளிப்பதில்லை. எனவே ஒரு வழங்கலை விட்டவரைத் துரோகிபோற் சாடும் பற்றாளர்களின் கோபம் அடிப்படையற்றது. என்னைப் பொறுத்தவரை, கடப்பாடு ஆக்கியோரை நோக்கியதன்று; அடுத்துவரும் பாவனையாளரை நோக்கியது. அவர் இடறக்கூடிய கல்லை நான் முன்னரே கண்டுவிட்டேன் என்பதே அதன் காரணம். அக்கல்லைச் சுட்டிவிட்டு நான் தாராளமாகப் போகலாம்.

இது தமிழ்ப் பாவனையாளருக்கு மிக நெருங்கிய விடயம். க்னோம், கேடிஈ ஆகிய மேசைத்தளங்களின் பட்டியற் சொற்களைத் தமிழாக்கியோர் தன்னார்வலர்கள். அவற்றுட் பொருள் திரிந்தனவும், நம் வழக்குக்கு ஒவ்வாதனவும், ஆங்கிலமாகவே விடுபட்டனவும் உள. அத்தகைய சொல்லொன்றை எதிர்கொள்ளும் தமிழர் வேறு வழங்கலைத் தேடிச் செல்வதில்லை. அமைப்பிற்குச் சென்று மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுகின்றார். அதற்கு அரை நிமிடமே தேவை. திருத்தத்தை மொழிபெயர்ப்பாளருக்கு எழுதி அனுப்புவதற்கு நிரலறிவு வேண்டியதில்லை, தமிழறிவு போதும். ஆனால் அதற்குக் கால்மணி நேரமாவது செல்லும்.