'தெரியாது' என்று சொல்லி விற்பது

விற்றவர் வாய் திறந்து பொய் சொல்லவில்லை. வாங்கியவரும் துருவிக் கேட்கவில்லை. ஆயினும், பொட்டலம் வீடு வந்து பிரித்தபின் வாங்கியவர் ஏமாந்து நிற்கின்றார். இதிலே மோசடி உண்டா, இல்லையா? வியாபாரிகளாகிய நாம் இதனைச் சிறிது ஆராய்தல் நலம்.

'கேமியோ' எனும் பழங்கால அணியின் பெயரால் இணையச் சந்தையில் இன்று நடக்கும் வியாபாரம் இக்கேள்விக்கு நல்ல உதாரணம். இருநிற அடுக்குள்ள கல்லையோ கடற்சங்கின் ஓட்டையோ எடுத்து, மேலடுக்கிலே உருவம் வெளுப்பாகப் புடைத்து நிற்கவும், கீழடுக்கு அதற்குப் பின்புலமாகவும் செதுக்குவதே கேமியோ. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்கு அருகேயுள்ள டோரே டெல் கிரெக்கோ இவ்வேலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே பேர் பெற்ற ஊர். அசல் சங்கை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவும். பின்புறம் பெரும்பாலும் சற்றே குழிந்திருக்கும். பூதக்கண்ணாடியில் உளியின் கோடுகள் தெரியும். அச்சில் வார்த்த பிளாஸ்டிக்குக்கு உளித்தடம் ஏது? ஆனால் இவையெல்லாம் கையில் எடுத்துப் பார்ப்பவருக்குத்தான். இணையத்தில் வாங்குபவருக்கோ பல சமயம் முன்புறப் படம் ஒன்றுதான் கிடைக்கின்றது.

நபி பெருமானார் (ஸல்) அவர்கள் சந்தையிலே ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரமிருக்கக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதனை மேலே வைக்கலாகாதா என்று வினவிய சம்பவம் மதறஸாவில் ஓதிய நம் அனைவர்க்கும் தெரிந்ததே. காய்ந்த தானியம் என்று அவ்வியாபாரி கூவி விற்றதாக அதில் இல்லை. மௌனமாகவே இருந்தார்; குவியலை அடுக்கிய விதம் பேசிற்று. கேமியோவின் படமும் குவியலின் மேற்புறமே. பின்புறத்தையும் ஊசியையும் கொக்கியையும் மறைத்து முகத்தை மட்டும் காட்டுபவர் ஈரத்தை அடியில் வைத்தவரே ஆவார்.

இன்னொரு சாரார் சற்றுக் கெட்டிக்காரர்கள். "பாட்டியின் பெட்டியில் கிடந்தது, வயது தெரியாது, படத்தைப் பார்த்துத் தாங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்" என்பார்கள். (மாதம் பத்துக் கேமியோ விற்பவருக்கு எத்தனை பாட்டிகளோ!) அறியாமை குற்றமன்று. நாமும் எல்லாச் சரக்கும் அறிந்தவர்கள் அல்லோம். ஆனால் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டினால் ஐந்து நிமிஷத்தில் விளங்கிவிடும் ஒன்றை, விளங்கினால் விலை குறையுமே என்று அஞ்சி விளங்கிக்கொள்ளாமல் இருப்பதை அறியாமை என்பதா? விலையைப் பாருங்கள். வயது தெரியாத பொருளுக்கு, வயது தெரியாத விலையல்லவா இருக்கவேண்டும்? வாய் 'தெரியாது' என்கின்றது. விலைச்சீட்டோ 'நூறாண்டுப் பழமை' என்கின்றது. இரண்டையும் ஒருவரே எழுதினார். அந்தத் 'தெரியாது' நாணயமான சொல் அன்று என்பதே நம் அபிப்பிராயம்.

வாங்குபவரையும் விட்டுவிடலாகாது. பவுன் காசிலே குதிரைவீரன் உருவத்தைப் பார்த்திருப்பீர்கள். 1817-ல் அதனைச் செய்தவர் பிஸ்ட்ருச்சி எனும் இத்தாலியச் சிற்பி. 1815-ல் அவர் லண்டனுக்கு வந்தபொழுது, ரிச்சர்டு பெய்ன் நைட் என்ற பெரிய சேகரிப்பாளர் பூமாலை சூடிய பெண்ணின் கேமியோ ஒன்றைப் புராதனப் பொருளென்று போற்றி வைத்திருந்தார். அது தம் கைவேலையே, ஒரு தரகருக்காகச் செய்து கொடுத்தது என்றார் பிஸ்ட்ருச்சி. செய்தவனே சொல்லியும் நைட் ஒப்பவில்லை. விற்ற தரகரோடு, வாங்கியவரின் ஆசையும் அங்கே பங்காளியாக இருந்தது. அந்தக் கேமியோ இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றது. நம் காலத்திலும், ஆயிரம் வெள்ளிப் பொருளை ஐம்பது வெள்ளிக்கு அடித்துவிட்டோம் என்று உள்ளூற மகிழ்ந்து வாங்கிவிட்டு, போலியென்று தெரிந்ததும் நீதி கேட்பவர் உண்டு. விற்றவர் அறியாமல் அசலையே கொடுத்திருந்தால் இவர் நீதியை நினைத்திருப்பாரா?

சரி, ஏமாந்தாயிற்று, போலி கைக்கு வந்துவிட்டது. விற்றவர் திருப்பி எடுக்கவும் மறுக்கின்றார். அடுத்தது என்ன? நமக்கு நேர்ந்தது பிறர்க்கும் நேரட்டும் என்று, அதே படத்தோடும் அதே பாட்டியோடும் மறுபடி சந்தைக்கு ஏற்றுபவர் இருக்கின்றனர். முதலைக் காப்பாற்றுவதாக இதற்குச் சமாதானமும் சொல்லுகின்றனர். கள்ளக்காசு கைக்கு வந்தால், இன்னொருவர் கைக்குப் போகாதவாறு கிணற்றில் எறிந்துவிடவேண்டும் என்பது இமாம் கஸ்ஸாலி அவர்களின் தீர்ப்பு. கை மாறும்தோறும் அதன் பாவமும் பெருகும் அல்லவா?

ஆனால் போலிக் கேமியோவைக் கிணற்றில் எறிய வேண்டியதில்லை. காசுக்கு முத்திரையே உயிர். அணிக்கோ வேலைப்பாடு என்று ஒன்று உண்டு. போலந்து இளவரசர் பொனியாடோவ்ஸ்கி சுமார் 2,500 செதுக்குக் கற்களைப் புராதனமென்று சொல்லி வைத்திருந்தார். பலவற்றில் பண்டைக் கிரேக்கச் சிற்பிகளின் பெயரும் பொறித்திருந்தது. 1833-ல் அவர் மறைந்தார். 1839-ல் லண்டனில் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு வந்தபொழுது, அவை அவர் காலத்துச் சிற்பிகளின் வேலையே என்ற பேச்சுப் பரவி, விலை விழுந்தது. இன்றும் அக்கற்கள் ஏலத்துக்கு வருகின்றன. பண்டைக் கிரேக்கத்தின் பெயரால் அல்ல. 'பொனியாடோவ்ஸ்கி கற்கள்' என்று தம் சொந்தப் பெயராலேயே விற்பனையாகின்றன. விரும்பி வாங்குவோரும் இருக்கின்றனர்.