அஞ்சலிற் சென்ற குஞ்சுகள்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1918 முதல் ஒரு நாட் கோழிக்குஞ்சுகளை உயிரோடு அஞ்சலில் விடுத்து வருகின்றனர். பொரிக்குமுன் குஞ்சு தன் வயிற்றினுள் ஈர்த்துக்கொள்ளும் மஞ்சட்கரு, உணவும் நீருமின்றி ஏறக்குறைய 72 மணி நேரம் அதனைத் தாங்கும். முட்டையினுள்ளேயே கட்டமுது கட்டித்தந்த திருவருளை என்னென்பேம்! எஞ்சிய முட்டைகள் பொரியுந்துணையும் தாயின் அடியில் இருத்தற்குதவும் அவ்வுணவை, மக்கள் வாணிகத்திற்குத் தவணையாக்கிக் கொண்டனர்.

2020 ஆகஸ்டில், அஞ்சல் தாழ்த்த நாட்களில், மெய்ன் மாநிலத்துப் பண்ணைகட்கு வந்த குஞ்சுகளுள் ஆயிரக்கணக்கானவை இறந்தே சேர்ந்தன. அவ்விறப்பு அவற்றின் பிராரத்தமெனின், பெட்டி வாராமை கண்டு வருந்துவோன் வருத்தம் வீணோ? வீணன்று. குஞ்சு நுகர்வது பிராரத்தமாயினும், விடுத்தோனுக்கும் வரவழைத்தோனுக்கும் ஏறுவது ஆகாமியமன்றோ? அதனையே அவ்வருத்தம் உணர்த்துகின்றது. மறுவருடமும் அவன் அவ்வாறே வரவழைப்பானாயின், அதனை யாம் இரக்கமென்னோம், பொருளிழப்பச்சம் என்பேம்.